ரிப்போர்ட்ல ‘ஹைப்போபிளாஸ்டிக்’னு வந்தா பயப்படணுமா?

கேள்வி: வயசு 38. அடிக்கடி தலைவலின்னு எம்ஆர்ஐ, எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) எடுத்தேன். மூளை நார்மல், ஆனா ‘வலது வெர்டிப்ரல் ஆர்ட்டரி ஹைப்போபிளாஸ்டிக், இடது ஃபீட்டல் பிசிஏ’ன்னு போட்டிருக்கு. அடைப்பா? ஸ்ட்ரோக் வருமா?

பதில்: ரிப்போர்ட்படி அடைப்பு இல்லைங்க. ஹைப்போபிளாஸ்டிக்னா அந்தக் குழாய் பிறவியிலேயே சின்னதா வளர்ந்திருக்கு. கழுத்துக்குப் பின்னாடி ஏறுற ரெண்டு வெர்டிப்ரல் குழாயும் ஒரே சைஸ்ல இருக்கறவங்களே கம்மி, பெரும்பாலும் இடதுதான் பெருசு, ரெண்டும் மேல போய் பேசிலார்னு ஒரே குழாயா சேர்றதால இடது பக்கமே ஈடு கட்டிரும்.

ஃபீட்டல் பிசிஏ கதை வேற. பிசிஏன்னா மூளையோட பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போற குழாய். கருவுல மூளையோட பின்பகுதிக்கும் ரத்தம் கழுத்து முன்பக்கமா ஏறுற கரோட்டிட் குழாய்ல இருந்துதான் போகும், அப்புறம் வெர்டிப்ரல் வளர்ந்து அந்த வேலையை எடுத்துக்கும். சிலருக்கு பழைய வழியே நிலைச்சுடும், உங்களுக்கும் அப்படித்தான். தாமஸ் வில்லிஸ் 1664ல விவரிச்ச, மூளைக்கு அடியில இந்தக் குழாய்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற ரத்தக்குழாய் வட்டம் புக்ல இருக்கற மாதிரி முழுசா பாதிப் பேருக்குக்கூட கிடையாது. ரேடியாலஜிஸ்ட் கண்ணுல பட்டதை எழுதியாகணும், எழுதிட்டார்.

டாக்டர்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, ‘இது பிறவியிலேயே சின்னதா, இல்ல அப்புறமா சுருங்கினதா?’ பிறவின்னா பெரும்பாலும் குழாய் நெடுக ஒரே சீரா ஒல்லியா இருக்கும், கழுத்து முள்ளெலும்புல அது நுழையற ஓட்டையும் சின்னதா இருக்கும், சிடில தெரியும். கொழுப்பு படிஞ்சோ சுவர் கிழிஞ்சோ சுருங்கினதுன்னா ஓட்டை பொதுவா நார்மல் சைஸ்லயே இருக்கும். அதோட கான்ட்ராஸ்ட் மருந்து (குழாயைத் தெளிவா காட்ட ஊசியில ஏத்தறது) போடாம எடுக்கற எம்ஆர் ஆஞ்சியோ ரத்த ஓட்டத்தைத்தான் காட்டும், ஓட்டம் மெதுவா இருந்தா குழாய் நிஜத்தைவிட ஒல்லியா தெரியும். கழுத்துல புதுசா வலி, தலைசுத்தல் இருந்தா சிடி ஆஞ்சியோ கேட்கலாம், சும்மா திருப்பித் திருப்பி ஸ்கேன் எடுக்கறது வேஸ்ட்.

ஸ்ட்ரோக்? இதால மட்டும் வர்றது அபூர்வம். ஆனா வருங்காலத்துல எப்பவாவது பெரிய குழாய் அடைச்சா மாத்து வழி கம்மி, உங்க இடது கரோட்டிட் மூளையோட பார்வைப் பகுதிக்கும் சேர்த்து ரத்தம் கொடுக்குது வேற, அதனால பிபி, சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட் விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. கழுத்தைச் சொடக்கு எடுக்கறதும் வேண்டாம்.

தலைவலிக்குக் காரணம் இதுவா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, மைக்ரேனான்னு தனியா பாருங்க. திடீர்னு ஒரு நிமிஷத்துல உச்சத்துக்குப் போற தலைவலி, வாய் கோணல், கை கால் பலமில்லாம போறது, பேச்சுக் குழறல், பார்வை பாதி மறையறதுன்னு எது வந்தாலும் உடனே எமர்ஜென்சி, இந்த ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.