சாவி கிராமபோனில் பீட்டில்ஸ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே பழைய பிரிட்டிஷ் டி.வி. தொடர்களையும் ராக் பாட்டுகளையும் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த முறை வேறு எதையும் எடுக்க மனம் வரவில்லை.

என் அப்பா தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கனமான கறுப்பு இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸின் பாட்டு, பார்லபோன் லேபிள், 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று). பழைய சாமான் வாங்கும் ஒருவர், "பீட்டில்ஸ் காலத்தில் 78 தட்டே கிடையாது, இது டூப்ளிகேட்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா சார்?
வாசகர், குன்னூர்

கொடுக்காதீர்கள். அவர் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். அங்கே 1960 வாக்கிலேயே 78 தட்டு நின்றுபோய்விட்டது, பீட்டில்ஸின் முதல் தட்டு வந்ததோ 1962 அக்டோபரில். ஆனால் நம் நாட்டில் கதை வேறு. கல்கத்தா டம்டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனி ஆலை அறுபதுகளின் நடுப்பகுதியிலும் பீட்டில்ஸ் பாட்டுகளை 78 வேகத்தில் அரக்குத் தட்டாக அச்சிட்டது. காரணம் எளிது, மின்சாரம் எட்டாத இடங்களில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்தான் இருந்தது, அந்தப் பெட்டிக்கு 78 தட்டைத் தவிர வேறெதுவும் ஆகாது. லிவர்பூல் பையன்கள் எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்ததை, மின்சாரமே இல்லாத வீட்டில் வைண்டிங் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. உங்கள் அப்பா அப்படித்தான் கேட்டாரா தெரியாது, கேட்டிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இந்த இந்தியத் தட்டுகளுக்காக உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். உங்களிடம் இருப்பது எந்தப் பாட்டு, தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை, அதனால் நான் ஒரு தொகை சொல்ல மாட்டேன்.

அப்புறம் பாதுகாப்பு. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஸ்பிரிட், சானிடைசர் எதையும் மேலே தடவாதீர்கள், ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். மெல்லிய துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் சூட்கேஸ் மாதிரி பிளேயரில் 78 வேகம் இருந்தாலும் ஊசி பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கானதாக இருக்கும். 78 தட்டின் பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த ஊசி தனியாக உண்டு. அதை மாற்றாமல் போட்டால் ஊசி பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு ஓடும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

பள்ளி நாட்களில் சீனியர்கள் பி.பி.சி. டி.வி.யின் பாப் பாட்டு நிகழ்ச்சியான "டாப் ஆஃப் தி பாப்ஸ்" பற்றி அவ்வளவு பேசுவார்கள். இப்போது இணையத்தில் தேடினால் அறுபதுகளின் நிகழ்ச்சிகள் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. பி.பி.சி. பூட்டி வைத்திருக்கிறதா?
வாசகி, கொடைக்கானல்

பூட்டி வைக்கவில்லை அம்மா, அழித்துவிட்டார்கள். 1964 ஜனவரி முதல் தேதி, மான்செஸ்டரில் ஸ்டூடியோவாக மாற்றப்பட்ட ஒரு பழைய சர்ச்சில் தொடங்கிய நிகழ்ச்சி அது, 2006 வரை ஓடியது. அறுபதுகளில் வந்தவற்றில் பெரும்பகுதி இன்று கிடையாது. அன்றைய வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலையும் அதிகம், அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். நடிகர், இசைக்கலைஞர் சங்கங்களோடு இருந்த ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு வேறு. மறுபடி போட முடியாததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். கலர் வந்தபின் கறுப்பு வெள்ளையை யாரும் சீந்தவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாக்க ஒரு முறையான நூலகம் என்று பி.பி.சி. ஏற்படுத்தியதே 1978இல்தான். 1966 ஜூனில் பீட்டில்ஸ் அந்த மேடையில் நேரில் தோன்றிய நிகழ்ச்சிகூடப் போய்விட்டது, யாரோ வீட்டு டி.வி. திரையைக் கேமராவில் பிடித்த சில விநாடிகள் மட்டும் 2019இல் வெளியே வந்தன.

மிச்சம் இருப்பவை எப்படி மிஞ்சின என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. ராக் பாடகர் டேவிட் பௌவி 1973 ஜனவரியில் அதே நிகழ்ச்சியில் பாடிய "ஜீன் ஜீனி" அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். அன்று கேமரா பிடித்த ஜான் ஹென்ஷால், தான் வடிவமைத்த மீன்கண் லென்ஸ் காட்சிக்காகத் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார், 2011இல் அது மறுபடி டி.வி.யில் வந்தது. பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொடரான "டாக்டர் ஹூ" இன்னும் பெரிய கதை. 1963 நவம்பர் 23இல் தொடங்கிய அந்தத் தொடரின் அறுபதுகளின் பாகங்களில் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் காணவில்லை. ஆனால் வெளிநாட்டு நிலையங்களுக்கு 16 எம்.எம். பிலிமில் விற்ற பிரதிகள் இருந்தனவே, அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு முழுக் கதை ஹாங்காங்கிலிருந்து 1992இல் திரும்பியது, நைஜீரியாவின் ஒரு நிலையத்தில் கிடைத்த ஒன்பது பாகங்களை 2013இல் அறிவித்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. காணாமல் போன அத்தனை பாகங்களின் ஒலியும் இருக்கிறது, ஒன்றுகூட விடாமல்! டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்த ரசிகர்களால்தான் அது பிழைத்தது. எடுத்தவர்களே தூக்கிப் போட்டதைக் கேட்டவர்கள் காப்பாற்றினார்கள். லண்டனில் இல்லாதது எங்கோ ஒரு மூலையில் இருக்கும் என்றால், அந்த மூலை கொடைக்கானலில் ஒரு பரணாக இருக்கக்கூடாதா என்ன?

வி.எச்.எஸ். கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த பிரிட்டிஷ் அரசியல் நகைச்சுவைத் தொடர் "எஸ் மினிஸ்டர்" எல்லாம் பதிவு செய்தது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
வாசகர், கோத்தகிரி

தயவுசெய்து போடாதீர்கள். அது பூஞ்சை. ஒரு கேசட்டை ஓட்டினால் வி.சி.ஆரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். பூத்ததை நல்லதிலிருந்து முதலில் பிரியுங்கள். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூளோ நூலோ தெரியும், அதுதான் அடையாளம். பூத்தவற்றை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு சில வாரம் வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சை காய்ந்து தூளாகும், அதன்பின் சுத்தம் செய்வது சுலபம். டேப்பைச் சுற்றிச் சுற்றித் துடைக்கும் வேலையைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள். நீங்களே மேலோட்டமாகத் தட்டுவதென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கூடலூர்க்காரருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரம் என்றால், கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை பின்னியெடுக்கும். அந்த மாதங்களுக்கு முன்பே பெட்டியைத் திறந்து சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் தரையிலும் வைக்காதீர்கள். ஈரத்துக்குப் பயந்து கணப்புப் பக்கத்தில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது டேப்பை வளைத்துவிடும். இன்னொன்று, அவசரம். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனி 2016இல் நிறுத்திவிட்டது, ஓடுகிற மெஷின் ஒவ்வொரு வருடமும் குறைகிறது. இரண்டு மணி நேரக் கேசட்டை டிஜிட்டலாக மாற்ற இரண்டு மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. மாற்றிய பின் ஒரு பிரதியைப் பிள்ளைகள் வீட்டில் வையுங்கள், கேசட்டையும் எறியாதீர்கள். "எஸ் மினிஸ்டர்" தொடர் டிவிடியில் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் சொல்வார்கள். தொடர் கிடைக்கும். அதற்கு முன்னால் வந்த தூர்தர்ஷன் அறிவிப்பு, நடுவில் வந்த விளம்பரம், அந்த இரவின் செய்தித் துணுக்கு, இதெல்லாம் உங்கள் கேசட்டில் மட்டுமே இருக்கலாம்.

வெளிநாட்டவர்கள் ஆங்கிலம் கற்கும் வகுப்பைப் பற்றிய பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் "மைண்ட் யுவர் லாங்குவேஜ்"ஜைத் தாத்தா போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சீக்கியர் என்றால் இப்படி, பாகிஸ்தானி என்றால் அப்படி என்று எல்லோரையும் கேலிப் பொம்மை ஆக்கியிருக்கிறார்கள். நான்தான் தப்பா?
கல்லூரி மாணவி, ஊட்டி

தப்பே இல்லை. உங்களுக்கு வந்த கோபம் அன்றைக்கே அங்கேயும் வந்தது. 1977 இறுதியில் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனில் தொடங்கி நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொடரை 1979இல் அந்த நிறுவனத்தின் மைக்கேல் கிரேடே நிறுத்தினார், இனக் கேலி என்பதுதான் காரணம். ஆனாலும் தாத்தா சிரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவரின் கூச்சத்தை, வகுப்பில் எல்லோரும் சேர்ந்து தடுமாறினால் அந்தக் கூச்சம் போய்விடும் என்பதை அந்தத் தொடர் காட்டியது, நம் ஊரில் அது ஓடியதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். ஆசிரியராக நடித்த பேரி எவன்ஸின் முகத்தில் ஒரு மாணவரையும் மட்டம் தட்டும் எண்ணம் தெரியாது.

தாத்தாவிடம் சண்டை வேண்டாம், கூடவே உட்கார்ந்து, ஒரு ஹோட்டலில் நடக்கும் நகைச்சுவைத் தொடரான "ஃபால்டி டவர்ஸ்" போடுங்கள். 1975லும் 1979லும் சேர்த்து மொத்தமே 12 பாகம். அதிலும் ஒரு ஸ்பானிய வெயிட்டர் ஆங்கிலம் புரியாமல் திண்டாடுகிறார், ஆனால் சிரிப்பு பெரும்பாலும் அவரை அடிக்கிற முதலாளியின் பக்கம் திரும்பிவிடும். நல்ல நகைச்சுவைக்கும் சோம்பேறி நகைச்சுவைக்கும் உள்ள வித்தியாசம் அரை மணி நேரத்தில் விளங்கும். அதற்குப் பிறகு 1998இல் வந்த "குட்னெஸ் கிரேஷியஸ் மீ". பிரிட்டனில் வாழும் நம்மவர்களே எழுதி நடித்தது. இந்தியர்கள் கூட்டமாக ஆங்கிலேயர் உணவகத்துக்குப் போய், இருப்பதிலேயே காரமில்லாததைக் கொண்டு வா என்று அலம்பல் செய்யும் காட்சி ஒன்று உண்டு, தாத்தாவும் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

சிற்றலையில் இரவு ஆங்கிலப் பாட்டு கேட்கும்போது சத்தம் ஏறி ஏறி இறங்குமே, ஏன்?
வாசகர், மஞ்சூர்

சிற்றலை நேராக வருவதில்லை, வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே அலை இரண்டு மூன்று வழியாக, கொஞ்சம் முன்னே பின்னே உங்கள் ஏரியலுக்கு வந்து சேரும். சேர்ந்தால் சத்தம் ஏறும், ஒன்றையொன்று வெட்டினால் இறங்கும். பி.பி.சி. உலக சேவையில் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் போட்ட பாட்டுகளை இந்த ஏற்ற இறக்கத்தோடு கேட்டவர்களுக்குத் தெளிவான சிடி இன்றும் ஏதோ குறைந்ததுபோல இருக்கும் என்பார்கள், எனக்கும் அப்படித்தான். பீல் 2004இல் காலமானார். அவருடைய பழைய வானொலி நிகழ்ச்சிகள் பலவும் நேயர்கள் வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளால்தான் இன்று கேட்கக் கிடைக்கின்றன.

வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அவன் பாட்டு, அவன் டி.வி. என்று ஏங்குவது அடிமைப் புத்தி இல்லையா?
வாசகர், கூடலூர்

நம்மவர்கள் பரிமாறும் வேலைக்காரராக மட்டுமே நுழைய முடிந்த கிளப்புகளை நினைத்து ஒருவர் ஏங்கினால் உங்கள் கேள்வியை நானே அவரிடம் கேட்பேன். ராக் இசை அப்படிப்பட்டது இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸிலிருந்து வந்தது அது. இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் பெயரையே புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள், பீட்டில்ஸ் கறுப்பினப் பாடகர்களான சக் பெர்ரியையும் லிட்டில் ரிச்சர்டையும் பாடிப் பழகினார்கள், 1965இல் அவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் சிதாரைக் கையில் எடுத்தார். உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் இசை எஸ்டேட் கிளார்க்கின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது? அவர் காசு கொடுத்துத் தட்டு வாங்கினார், பிடித்துக் கேட்டார். எம்.எஸ்.வி. பாட்டையும் அதே பெட்டியில் கேட்டிருப்பார்.

நம் மெட்ராஸில் பிறந்த பிரிட்டிஷ் பாடகர்கள் உண்டாமே?
வாசகர், வெலிங்டன்

உண்டு. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936இலும், பீட்டில்ஸின் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட் 1941இலும் மெட்ராஸில் பிறந்தவர்கள். பெஸ்டை 1962 ஆகஸ்டில் நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரை எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், பெஸ்டின் அம்மா மோனாவைத்தான் பலருக்குத் தெரியாது. டெல்லியில் பிறந்தவர், 1945இல் குடும்பத்தோடு லிவர்பூல் போனார். நகையை அடகு வைத்து 1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரை மேல் கட்டி, அந்தப் பணத்தில் பெரிய வீடு ஒன்றை வாங்கினார் என்று சொல்வார்கள். ஊட்டி ரேஸ் சீசன் பார்த்த உங்களுக்கு அந்தத் துணிச்சல் புரியும். 1959 ஆகஸ்டில் அந்த வீட்டின் நிலவறையில் அவர் திறந்த கஸ்பா காபி கிளப்பில் முதல் நாள் வாசிக்க வந்த பையன்களில் பின்னாளில் பீட்டில்ஸ் ஆன லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூன்று பேரும் இருந்தார்கள்.