இன்ஜெக்‌ஷன் காரில் கார்புரேட்டர் எஞ்சின் மாட்டினால் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றின் வயரிங் பழைய இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் வயரிங்கோடு ஒட்டாமல் தனியாகத்தான் போகும். அதில் கை வைக்காதீர்கள். எல்லாக் கருவிகளும் கேன் பஸ் என்ற பொதுவான டேட்டா லைனில் பேசிக்கொள்ளும் புதிய கார் என்றால் கதை வேறு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவைக் கழற்றியதும் மீட்டர் போர்டு, ஏசி, சில கார்களில் பவர் ஸ்டீயரிங்கூட முரண்டு பிடிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியிலும் கியர்பெட்டிக்கே ஈசியு தேவைப்படலாம். அப்படிப்பட்ட கார் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம், புகை விதிகள் கடுமையாக உள்ள பல நாடுகளில் இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காது. அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் காரில் இதை நானே செய்தேன். கார்புரேட்டருக்கு வயர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்க வயர் வேண்டாம்தான். ஆனால் ஈசியு அது மட்டுமா செய்துகொண்டிருந்தது? ஸ்பார்க் எப்போது வர வேண்டும், பம்ப் எப்போது ஓட வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுழல வேண்டும், எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொண்டது. அதைக் கழற்றினால் ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஆள் போட வேண்டும். அதனால் கட்டரை எடுப்பதற்கு முன் வயரிங் படத்தை வைத்துக்கொண்டு, ஈசியு சாக்கெட்டில் வரும் ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

முதலில் ஸ்பார்க். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ள எஞ்சின் என்றால் ஸ்பார்க் டைமிங்கை வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப பெரும்பாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். இல்லாத எஞ்சினுக்குத் தனி இக்னிஷன் பாக்ஸ் வேண்டும். அதற்கு, எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் சிக்னல் தேவை, ஆகவே அந்த வயரை வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்கு எந்த வயரிலிருந்து கரண்ட் எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சாவி போட்டால் கரண்ட் வரும் வயர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் நிறைய இருக்கும். அவற்றில் சில, செல்ஃப் அடிக்கும் நொடியில் செத்துவிடும். ரேடியோ, ஹீட்டர் லைன் எல்லாம் அப்படித்தான். அதில் காயிலை இணைத்தால் எஞ்சின் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. சலித்துப்போய் சாவியை விடும்போது மட்டும் ஒரு உதறு உதறும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தாலும் இது போகாது. மல்டிமீட்டரை வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அப்போதும் கரண்ட் வருகிறதா என்று பார்த்துத்தான் வயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் நடுவில் ரெசிஸ்டர் வயர் இல்லாமல் முழு 12 வோல்ட் கொடுங்கள்.

அடுத்து பம்ப். இன்ஜெக்‌ஷன் பம்ப் பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), அதற்கு மேலும் தள்ளும். கார்புரேட்டருக்குப் பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ போதும். பழைய பம்பை அப்படியே விட்டால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் பொங்கி வழியும். எஞ்சினிலேயே மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் வயர் கவலையே இல்லை. எலக்ட்ரிக் பம்ப் என்றால் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். ரிலேயில் 30 என்று எண் போட்ட முனையில் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-ல் பம்ப், 85-ல் எர்த், 86-ல் கட்டுப்பாட்டு வயர்.

இந்த 86-ஐ நேராகச் சாவியில் இணைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் நின்றால் ஈசியு பம்பை நிறுத்திவிடும், சாவிக்கு அது தெரியாது. மோதி நின்ற வண்டியில் பெட்ரோல் குழாய் அறுந்திருந்தால் சூடான சைலன்சர்மேல் பம்ப் ஊற்றிக்கொண்டே இருக்கும். நடுவில், ஆயில் பிரஷர் இருந்தால் மட்டும் கரண்ட்டை விடும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வையுங்கள். ஆயில் பிரஷர் ஏறும்வரை பம்ப் ஓட வேண்டுமே என்று செல்ஃப் வயரிலிருந்தும் ஒரு இணைப்பு கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சும்மா முறுக்கிச் சேர்த்தால், பிரஷர் ஏறியதும் கரண்ட் திரும்பிப் போய் செல்ஃப் மோட்டாரை ஓட வைத்துக்கொண்டே இருக்கும். செல்ஃப் பக்க வயரில், கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டால் தீர்ந்தது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். ஃபேனுக்கு ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்சும் ஒரு ரிலேயும். டெம்பரேச்சர் முள்ளுக்கு, அந்த மீட்டருக்குப் பொருந்தும் டெம்பரேச்சர் சென்சார். எலக்ட்ரிக் சோக்கைக் காயில் வயரில் தொங்கவிடாதீர்கள், ஸ்பார்க் பலவீனமாகும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும் லைனில் கொடுங்கள். மீட்டரில் பேட்டரி சின்னம் போட்ட பல்பைக் கழற்றிவிடாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்ப் வழியாக வரும் கரண்ட்டில்தான் சார்ஜ் செய்யவே தொடங்கும்.

எர்த் வயரை எல்லோரும் மறக்கிறார்கள். எஞ்சினை இறக்கும்போது கழற்றிய பட்டை வயரை பெயிண்ட் மேலேயே திரும்ப முடுக்கினால் தொடர்பு கிடைக்காது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவை கையில் தொட முடியாத அளவுக்குச் சுடும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

இணைப்புகளுக்கு நல்ல கிரிம்பிங் (டெர்மினலை வயரோடு நசுக்கி இறுக்குவது) போதும். ஈயம் வைத்தால் அந்த இடத்தை ஒட்டி வயர் விறைத்து, எஞ்சின் அதிர்வில் நாளடைவில் முறிய வாய்ப்புண்டு. ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

முதல்முறை பேட்டரி கொடுக்கும்போது நெகட்டிவ் கேபிளை நேராக மாட்டாதீர்கள். நடுவில் 21 வாட் பிரேக் லைட் பல்ப் ஒன்றை வையுங்கள். சாவி அணைந்து, கதவுகள் மூடியிருக்கும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அணைகிறது என்று பாருங்கள். எதிலும் அணையாவிட்டால், ஃபியூஸ் இல்லாத கனமான வயர்களான செல்ஃப், ஆல்டர்னேட்டர் கேபிள்களைப் பாருங்கள். வண்டி சில நாள் ஓடி எல்லாம் சரி என்று தெரியும்வரை டேப் சுற்ற வேண்டாம். எப்படியும் ஒரு வயரையாவது மாற்ற வேண்டிவரும்.