திருடிய குரங்கு திருந்துமா?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை): மலைப்பாதையில் பயணிகளின் தின்பண்டங்களைப் பறிக்கும் குரங்கு ஒன்று திருந்துவதாக, குழந்தைகளுக்கு நகைச்சுவைப் படக்கதை எழுதி வருகிறேன். திருடனைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் திருட்டையே ரசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். முடிவில் கடுமையான தண்டனை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். "நான் எதையும் எடுக்கவே இல்லை" என்று குரங்கு சத்தியம் செய்வதாக எழுத்தில் இருக்கட்டும். அதே பக்கத்துப் படத்தில், முதுகுக்குப் பின்னால் ஒளித்த சிப்ஸ் பொட்டலத்தின் நுனி எட்டிப் பார்க்க, வாயோரத்தில் மசாலாத் தூள் ஒட்டியிருக்கட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைதான், படித்துக் காட்டும் பெரியவருக்கு முன்பாகவே அந்தக் கள்ளத்தைக் கண்டுபிடிக்கும். அப்போது எழுவது திருட்டைக் கண்டுபிடித்தவரின் சிரிப்பு. அதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதை நம்பி அருகில் நிற்கும் எலிகளையும் பார்த்தவர்களுக்கு, திருந்தியதாக நடிக்கும் திருடன் நம் மண்ணில் எவ்வளவு பழைய நகைச்சுவை என்பது புரியும். உங்கள் குரங்கும் முதலில் அப்படியொரு பொய்த்தவம் செய்து கையும் களவுமாகப் பிடிபடட்டும். உண்மையான மனமாற்றம் அதன் பிறகு வந்தால்தான் குழந்தை நம்பும்.

சிறு பிள்ளைகள் பெரிய தண்டனையையே நியாயம் என்கிறார்கள் என்றும், வளர வளரத்தான் கெடுத்ததை ஈடுகட்டுவதே நியாயம் என்ற இடத்துக்கு வருகிறார்கள் என்றும் சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதினார். அந்த இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லும் வேலையைக் கதை செய்யட்டும். தின்று தீர்த்த பொட்டலத்துக்கு ஈடாக ஆரஞ்சுப் பழங்களை அள்ளிக்கொண்டு, சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைவுக்கு ஒன்றாகத் தவறவிட்டபடி பயணியின் வண்டிக்குப் பின்னால் ஓடும் குரங்கை வரையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒரு பழமாவது போய்ச் சேர வேண்டுமே என்று தவிக்கவும் செய்வார்கள்.

பயணிகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் வண்டியை நிறுத்தித் தின்பண்டம் போடப் போடத்தான் குரங்குகள் சாலையோரத்தில் காத்திருந்து பறிக்கப் பழகுகின்றன; ஆகவே கதையில் திருந்த வேண்டியவர்கள் இருவர்.

கேள்வி (வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகர்): படக்கதை என்றாலே நரிதான் குற்றவாளியா?

பதில்: உங்கள் பகுதியிலேயே அதற்கு நேர்மாறான கதை கிடைக்கிறது. பொங்கல் சமயத்தில் வங்கா நரியைப் பார்த்தால் ஊர் செழிக்கும் என்று நம்பி, சில கிராமங்களில் அதைப் பிடித்து வந்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாதலால், வனத்துறை அபராதமும் விதித்திருக்கிறது. அந்தக் கதையில் நரிதான் புகார் கொடுக்க வந்தவர், ஊரார்தான் கூண்டில் நிற்பவர்கள். அடுத்த பொங்கலுக்கு நரியை அதன் காட்டிலேயே விட்டுவிட்டு, நரி வேடமிட்ட பிள்ளைகளை ஊருக்குள் ஓடவிடுவதாகக் கதையை முடித்துப் பாருங்கள்.