மோதிரத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா?

கேள்வி: ஒன்றாக வளர்ந்த இருவர். அவன் அரச வாரிசு என்பது கடைசி அத்தியாயத்தில், முத்திரை மோதிரத்தைப் பார்த்த பிறகே நாயகிக்குத் தெரிகிறது. இப்படி ஒரு சரித்திரக் காதல் தொடர்கதை அனுப்பினேன். ‘நம்பும்படி இல்லை’ என்று திருப்பிவிட்டீர்கள். மறைந்து வளரும் இளவரசன் சரித்திரக் கதைகளில் வழக்கம்தானே?

பதில்: வழக்கம்தான். அந்த மாதிரிக் கதைகளை ராத்திரி கண்விழித்துப் படித்தவன் நான். என்னால் நம்ப முடியாமல் போனது இளவரசனை அல்ல, உங்கள் நாயகியை. ஏழு வயதிலிருந்து அவனோடு மரம் ஏறியவள். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறவள். அவள் போய் மோதிரத்தைப் பார்த்ததும் “நீங்கள் யார்?” என்று கேட்டு மயங்கி விழுவதா?

டாக்கா அருகே பாவால் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1921-இல் சாம்பல் பூசிய சந்நியாசி ஒருவர், நான்தான் அவர் என்றார். அவருக்கு வங்காளம்கூடச் சரியாகப் பேச வரவில்லை. ஆனாலும் கூடப் பிறந்து வளர்ந்த ஜோதிர்மயி, இவன் என் தம்பிதான் என்று உறுதியாக நின்றார். மனைவியோ கடைசிவரை மறுத்தார். நான்தான் குமாரர் என்று நிலைநாட்ட அவர் போட்ட வழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். காலில் செதில் செதிலாக இருந்த தோல், தழும்பு என்று உடம்பையே படித்தார்கள். 1936-இல் அவர் பக்கம் தீர்ப்பானது. 1946-இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தது. கூட வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பலம் உண்டு. அந்தக் கண்ணை உங்கள் நாயகியிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. வாரிசு என்று தெரிந்ததும் அவள் அப்பா சம்மதித்து, கல்யாணம் நடந்துவிடுகிறது. அங்கேதானே சிக்கல் ஆரம்பிக்கும்? இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஜார்ஜ் 1785-இல் மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை ரகசியமாக மணந்தார். மன்னரின் சம்மதம் இல்லாததால், 1772-ஆம் வருஷச் சட்டப்படி அது செல்லாத கல்யாணம். பத்து வருஷம் கழித்து அவர் வேறொரு இளவரசியை மணந்தார். பட்டத்துக்கு வருகிறவனின் கல்யாணம் அவன் இஷ்டப்படி நடப்பதில்லை.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பையன் கையை நீட்டியபடி சும்மா நிற்கிறான். யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள் என்று காத்திருக்கிறான். அவள் சிரித்துவிட்டுச் செம்பை அவன் கையில் கொடுக்கிறாள். என்ன அருமையான இடம்! எழுதியதில் ஆக நல்லது அதுதான். அதை அப்படியே கடந்து போய்விட்டீர்களே!

அங்கே அவளுக்குச் சந்தேகம் விழட்டும். பதினாறு வயதில் நிச்சயமாகத் தெரியட்டும். சொன்னால் அவனை அழைத்துப் போய்விடுவார்கள் என்று அவள் வாயைத் திறக்காமல் இருக்கட்டும். அந்த மௌனத்தை வைத்து மீதி அத்தியாயங்களை எழுதி அனுப்புங்கள். நானே முதலில் படிக்கிறேன்.