நிழல் விழும் வேலிக்கு எந்தக் கொடி?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. வீட்டுக்கு வடக்கே 60 அடி நீளத்துக்குக் கம்பிவலை வேலி போட்டிருக்கிறோம். வீட்டு நிழலும் வேலியோரத்து மா, பலா மரங்களின் நிழலும் சேர்ந்து அங்கே வெயில் குறைவு. மறைப்புக்காகக் காகிதப்பூ வைத்தேன். குச்சி குச்சியாக நீண்டதே தவிர பூவும் இல்லை, அடைப்பும் இல்லை. ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் கொடி எது? வீட்டில் நான்கு ஆடுகள் உண்டு.

பதில்: காகிதப்பூவைப் பிடுங்கிவிடுங்கள் அம்மா. அது முழு வெயில் கேட்கும் செடி. நிழலில் உரம் போடப் போட முள்ளும் குச்சியும்தான் நீளும். ரங்கூன் மல்லி, சங்குப்பூ, முல்லை ஆகியவற்றுக்கும் இதே கதைதான். நாற்றுப்பண்ணையில் “நிழலிலும் வரும்” என்பார்கள். வரும், பூக்காது. சீந்தில் நிழலைத் தாங்கும், ஆனால் வறட்சிக் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கொடியாக நிற்கும். உங்கள் வேலிக்குப் பூவை மறந்துவிட்டு இலையை நம்புங்கள். காட்டு மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்த மிளகும், கொடிக்காலில் அகத்தி நிழலில் வளரும் வெற்றிலையும் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அதற்கு முன் நிழலைச் சரியாகப் பாருங்கள். மார்கழியில் பார்த்துவிட்டு “இங்கே வெயிலே இல்லை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வீட்டின் வடபுறத்திலும் நேர் வெயில் விழும். மரக்கிளை மறைக்காத இடைவெளிகளில் நட்ட இளங்கொடிக்கு முதல் கோடையில் தென்னங்கீற்று சாத்தி வைக்காவிட்டால் இலை கருகிவிடும்.

மிளகைக் கம்பிவலையில் ஏற்ற முயலாதீர்கள். அது கணுவில் வேர்விட்டு, அந்த வேரால் சொரசொரப்பான பரப்பைப் பிடித்து ஏறும் கொடி. வழுவழுப்பான கம்பியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. அதை மா, பலா மரங்களின் தண்டிலேயே ஏற்றுங்கள். வேலியோரத்தில் நல்ல மறைப்பு. கன்று வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் ஓடுகொடியில் எடுத்த கன்றுதான் மரம் ஏறும். காய் பிடிக்கும் பக்கக் கிளையில் எடுத்தது புதர் மிளகு. தொட்டியில் அழகாக இருக்கும், எத்தனை ஆண்டு ஆனாலும் ஏறாது. ரகத்திலும் கவனம் தேவை. பெயர் பெற்ற பன்னியூர் 1 அடர்ந்த நிழலுக்கு ஏற்றதல்ல. கரிமுண்டா, பன்னியூர் 5 ஆகியவை நிழலைத் தாங்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், மரத்திலிருந்து ஓர் அடி தள்ளி நட்டு, கொடியை மரத்தின் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள்.

கம்பிவலைக்கு வெற்றிலை. உங்கள் ஊரில் தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. தடித்த கயிற்றை வலையின் மேல், ஓர் அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டுங்கள். கயிறு ஈரமாக இருந்தால் கணுவேர் அதில் இறங்கிவிடும். அதுவரை வாழை நாரால் தளர்வாகக் கட்டி வாருங்கள். வெற்றிலையில் ஒரு தொல்லை உண்டு. மேலே ஏற ஏற அடிப்பகுதி இலையில்லாமல் மொட்டையாகும். மறைப்பு வேண்டிய இடமே அதுதானே! கொடிக்கால்காரர்கள் கொடியை இறக்கிக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே செய்யுங்கள். கொடியை அவிழ்த்து, இலையற்ற அடித்தண்டை வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி கீழிருந்து ஏற்றினால் புதைத்த கணுக்களிலிருந்து புதுத் தளிர் கிளம்பி அடியும் அடைத்துக்கொள்ளும். இலையைப் பறித்து மெல்லுவீர்கள் என்பதால் அதன்மேல் பூச்சிமருந்து வேண்டாம்.

மணி பிளாண்ட்டை யாராவது பரிந்துரைப்பார்கள். இருட்டு மூலையிலும் பச்சையாக நிற்கும், உண்மைதான். ஆனால் அதன் இலையிலும் தண்டிலும் உள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். ஆடு வளர்க்கும் வீட்டு வேலிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பூ இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், வேலியில் காலை வெயில் படும் முனையில் மட்டும் ஒரு மனோரஞ்சிதம் வையுங்கள். இலை உதிராது. கொக்கி போன்ற பூக்காம்பால் தானே பிடித்து ஏறும். பச்சையாகத் தோன்றி மஞ்சளாகும் பூவில் பழுத்த பழ வாசம் வரும். அடைக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

நிழலைவிடப் பெரிய எதிரி மரத்து வேர். தென்னையின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் தண்டைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கும். வெற்றிலைக் குழியை அதற்கு அப்பால் எடுங்கள். குழி ஒன்றரை அடி ஆழம் போதும். மக்கிய தொழு உரமும் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, சருகு மூடாக்கு போடுங்கள். வெற்றிலைக்கு ஈரம் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் வெற்றிலைக்கும் மிளகுக்கும் வாடல் நோய் வரும். திடீரென இலை தொங்கி, அடித்தண்டு கறுத்து அழுகும். வந்தபின் காப்பாற்றுவது கடினம். ஆகவே குழிமேட்டைத் தரையைவிடச் சற்று உயர்த்தி, மழைக்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழு உரத்தில் கலந்து வேரடியில் இடுங்கள். மிளகுக்கு மட்டும், மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கலாம். ஆனால் டிரைக்கோடெர்மா இட்ட சமயத்தில் அதை வேரில் ஊற்றாதீர்கள், தாமிரம் அந்த நல்ல பூஞ்சணத்தையும் கொன்றுவிடும்.

ஆடுகளை முதல் ஆண்டு வேலிப் பக்கமே விடாதீர்கள். இளந்தளிரைக் கடித்துவிட்டால் கொடி எழும்ப ஒரு பருவம் போய்விடும்.