கல் தெறிக்கும் சாலையும் மோட்டார் ஹோம் முகப்பும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கோடைப் பயணத்துக்கு மோட்டார் ஹோமை (உள்ளேயே தங்கிச் செல்லும் வசதியுள்ள பெரிய வண்டி) தயார்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியின் முன்பக்க பெயிண்டைப் பற்றியே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, 34 அடி நீளமுள்ள கிளாஸ் ஏ (பஸ் போன்ற உருவமுள்ள) மோட்டார் ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். வரும் ஜூன் மாதம் குடும்பத்துடன் அலாஸ்கா வரை சென்று வர எண்ணம். முகப்பில் ஏற்கெனவே வெள்ளைப் புள்ளிகள் சில உள்ளன. மேலும் கெடாதிருக்க, கண்ணாடி போன்ற படலம் ஒட்ட வேண்டும் என்கிறேன் நான். வலைத்துணி முகமூடி கட்டினால் போதும், செலவு குறைவு என்கிறார் என் மனைவி. தாங்கள் தீர்த்து வைக்க வேண்டும்.
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: படலம்தான் நல்லது, ஆனால் முகப்பு முழுவதற்கும் தேவையில்லை என்பதால் செலவு விஷயத்தில் உங்கள் மனைவியின் கவலையும் நியாயமானதே.

காரின் பானட் சாய்வாக இருப்பதால் அதன்மீது படும் கல் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். கிளாஸ் ஏ வண்டியின் முகப்போ சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. கல்லின் முழு அடியையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. உங்கள் வண்டியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், மேலிருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டும் அதன் கீழுள்ள நிறப்பூச்சும் உதிர்ந்து அடிப்பூச்சு வெளியே தெரியும் இடங்கள்.

அலாஸ்கா நெடுஞ்சாலை 1942-இல் போர்க்கால அவசரத்தில் அமெரிக்க ராணுவம் வெட்டிய சாலை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி யூகான் வழியாக அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை போகிறது. இன்று அது தார்ச்சாலைதான். ஆனால் குளிர்காலம் கெடுத்த இடங்களைச் செப்பனிட இருப்பது கோடையின் சில மாதங்களே. நீங்கள் போகும் ஜூன், ஜூலையில்தான் தாரைத் தெளித்து, அதன்மேல் சிறுஜல்லி பரப்பி, உருளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஜல்லி நன்றாகப் பதியும்வரை வரும் வண்டிகளெல்லாம் அதை வாரி இறைத்துக்கொண்டே போகும். சில இடங்களில் வெறும் சரளைப் பாதையும் வரும். அங்கே புழுதி அடங்குவதற்காகக் கால்சியம் குளோரைடு தெளித்திருந்தால், அந்தச் சேறு முகப்பில் ஒட்டிக் காய்ந்து சிமெண்ட் போல இறுகிவிடும். அன்று மாலையே நிறைய தண்ணீர் விட்டு ஊற வைத்துக் கழுவிவிடுங்கள். காய்ந்ததைச் சுரண்டப் போனால் கல் செய்யாத சேதத்தை உங்கள் கையே செய்துவிடும்.

ஒரு காசும் செலவில்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு, அதை முதலில் சொல்ல வேண்டும். கல் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது என்று நாம் நினைத்தாலும், முன்னே போகும் லாரியின் சக்கரம் தூக்கி எறிந்து காற்றில் மிதக்கும் கல்மீது பெரும்பாலும் நாம்தான் போய் மோதுகிறோம். மோதலின் வலு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கினால் அடியின் வலு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது, 50-க்கு இறங்கினால் கால் பங்காகிவிடுகிறது. இரண்டு மீட்டர் உயரம் எழும்பிய கல்கூட ஒன்றேகால் நொடி சுமாரில் தரைக்கு வந்துவிடும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு நொடி இடைவெளி இருந்தால், நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது கல் சாலையில் கிடக்கும். எதிரே வரும் வண்டியிடம் இடைவெளி கேட்க முடியாது. அங்கே வேகத்தைக் குறைத்து, இயன்றவரை வலப்பக்கம் ஒதுங்கிப் போவது ஒன்றே வழி.

இனி படலம். பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்பதைச் சுருக்கி பிபிஎஃப் என்கிறார்கள். ஊரில் அஞ்சலகத்தில் போடும் பிபிஎஃப் சேமிப்புக்கும் இதற்கும் உறவில்லை. இது பணத்தைக் கரைக்கும் பிபிஎஃப். வியட்நாம் போர்க் காலத்தில் மணலும் தூசியும் ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளின் முன்விளிம்பை அரிக்காமலிருக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய யூரித்தேன் நாடாவின் வழிவந்த பொருள் இது. இன்றைய நல்ல படலம் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் இருக்கும். வண்டியின் கிளியர் கோட் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவே என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும். ரப்பர் போல அடியை வாங்கிப் பரப்பிவிடுவதால் பெயிண்ட் தப்புகிறது. மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தாமாகவே மறைவதும் உண்டு. கூர்மையான கல் நேராக வந்து குத்தினால் மட்டும் இதுவும் கிழியும்.

முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி, பம்பர், விளக்குகளின் மேல்மூடி, பக்கக் கண்ணாடிகளின் முன்புறம் ஆகியவற்றுக்கு ஒட்டினால் போதுமானது. அதற்கு முன் அந்த வெள்ளைப் புள்ளிகளை டச்சப் பெயிண்டால் நிரப்பிச் சமன்படுத்த வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு குழியிலும் காற்று தங்கி, புள்ளி முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். முகப்புக்கே புதிதாக பெயிண்ட் அடிப்பதாக இருந்தால், அது முழுவதும் உலரக் குறைந்தது ஒரு மாதமாவது விட்டுப் படலம் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஒரு வாரம் அழுத்தமான தண்ணீர்ப் பீச்சு வேண்டாம். உள்ளே தெரியும் சிறு நீர்க்குமிழிகளைக் கண்டு பதறவும் வேண்டாம், அவை வற்றிவிடும்.

வலைத்துணி முகமூடி கல்லை நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் அதன் அடியில் நுழையும் மண்ணை அது வெளியே விடாது. ஓட்டத்தில் துணி படபடத்துக்கொண்டே இருப்பதால், அந்த மண் உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். எங்கள் பட்டறைக்கு வந்த கருநீல வண்டி ஒன்றில் முகமூடியைக் கழற்றியபோது கல்லடி ஒன்றுகூட இல்லை. ஆனால் வார் பட்டிகள் இழுத்துக் கட்டியிருந்த ஓரங்களில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு பெயிண்ட் மங்கி, சாம்பல் பூசியது போல இருந்தது. கட்டித்தான் தீர வேண்டும் என்றால், கழுவித் துடைத்த உலர்ந்த முகப்பின்மீது கட்டுங்கள். இரவு தங்கும் இடத்தில் அவிழ்த்துவிடுங்கள். மழையில் நனைந்ததை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் கல்லடி படாது என்று இங்கே ஒரு கடையில் உறுதி சொல்கிறார்கள். நம்பலாமா?
– கால்கரி வாசகர்

பதில்: நம்ப வேண்டாம். செராமிக் பூச்சு மிக மெல்லியது, சில மைக்ரான்களைத் தாண்டாது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதற்கும், பூச்சியும் தாரும் எளிதில் கழுவப்படுவதற்கும், வெயிலில் நிறம் வெளுப்பதைத் தாமதப்படுத்துவதற்கும் அது உதவும். கல்லைத் தடுக்க வேண்டிய பஞ்சணை போன்ற தன்மை அதற்கு இல்லை. படலம் ஒட்டி அதன்மேல் செராமிக் பூசுபவர்கள் உண்டு. கழுவும் வேலை குறையும் என்பதற்காக அதைச் செய்வதில் தவறில்லை.

கேள்வி: மே மாதம் வந்தால் இணை இணையாகப் பறக்கும் கறுப்புப் பூச்சிகள் முகப்பு முழுவதும் அப்பிக்கொள்கின்றன. போன முறை தேய்த்துக் கழுவியதில் பெயிண்டில் தழும்பே விழுந்துவிட்டது. இதற்கு என்ன செய்வது?
– ஆர்லாண்டோ வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது லவ் பக். ஃபுளோரிடாவில் மே மாதமும் செப்டம்பர் மாதமும் இவற்றுக்குப் பருவம். வாகனப் புகையும் சாலையின் வெப்பமும் இவற்றை ஈர்ப்பதால் நெடுஞ்சாலையின் மேலேயே திரளும். மோதிச் சிதறிய உடல் வெயிலில் கிடக்கக் கிடக்க அமிலத்தன்மை கூடிக்கொண்டே போய் கிளியர் கோட்டை அரிக்கிறது. உங்கள் வண்டியில் விழுந்த தழும்புக்குத் தேய்த்தது பாதிக் காரணம், ஓரிரு நாள் விட்டுவைத்தது மீதிக் காரணம். அன்றன்று மாலை பழைய துண்டு ஒன்றை வண்டி கழுவும் சோப்பு நீரில் நனைத்து, பூச்சி அப்பிய இடத்தின்மேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். ஊறியபின் பெரும்பகுதி துண்டோடு வந்துவிடும். மீதியை மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் துலக்கும் நார் வேண்டவே வேண்டாம். புறப்படும் முன் ஒரு தடவை மெழுகு பூசியிருந்தால் வேலை இன்னும் எளிது.

கேள்வி: எங்கள் மோட்டார் ஹோமின் பின்னால் சிறிய கார் ஒன்றை இழுத்துச் செல்கிறோம். வண்டியைவிட அந்தக் காரின் பானட்டில்தான் கல்லடி அதிகம். ஏன்?
– சியாட்டில் வாசகர்

பதில்: உங்கள் காரைப் பொறுத்தவரை முன்னே போகும் லாரி உங்கள் மோட்டார் ஹோம்தான், அதனிடமிருந்து நான்கு நொடி விலகி நிற்கக் காருக்கு வழியில்லை. பின்சக்கரங்கள் இரட்டையாக இருப்பதால், அவற்றின் நடுவே கல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அது விடுபடும்போது துப்பாக்கிக் குண்டு போலப் போகும். நிறுத்தும் இடங்களில் டயர் சூட்டைத் தொட்டுப் பார்க்கும்போதே இரண்டு டயர்களுக்கும் நடுவே டார்ச் அடித்தும் பார்த்துவிடுங்கள். இரட்டைச் சக்கரம் ஒவ்வொன்றின் பின்னாலும் மட் ஃபிளாப் இருக்க வேண்டும். வண்டியின் முழு அகலத்துக்கும் தொங்கும் ரப்பர் திரை மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் அடியில் புகுந்த கல் சாலையில் பட்டு எகிறிக் காரின்மேல் விழுவதைத் திரை தடுப்பதில்லை. இழுக்கும் கம்பியிலேயே பொருத்தும் தடுப்பு இதைவிட நல்லது. எஞ்சின் பின்புறமுள்ள டீசல் வண்டியாக இருந்தால், ரேடியேட்டருக்குப் போகும் காற்றைத் திரை மறிக்கிறதா என்று எஞ்சின் வெப்பமானியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய படலம் மஞ்சளாகி, வறண்ட குளத்து மண் போல வெடித்துவிட்டது. நானே உரித்து எடுக்கலாமா?
– ஹூஸ்டன் வாசகர்

பதில்: எடுக்கலாம், ஆனால் வார இறுதி ஒன்றில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்காதீர்கள். புதிதாக இருக்கும்போது ஒரே தாளாக உரிந்து வரும் படலம், வெயிலில் முற்றியபின் விரல்நகம் அளவுத் துண்டுகளாகத்தான் வரும். ஹீட் கன் அல்லது ஆவிக் கருவியால் சிறிது சிறிதாகச் சூடேற்றி, பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தை நெம்பி, மேல்நோக்கி இழுக்காமல் பரப்போடு ஒட்டினாற்போல மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். அதற்கு மேல் போனால் ஃபைபர்கிளாஸின் மேலுள்ள பெயிண்ட் கொப்பளிக்கும். தங்கிய பசையைப் பசைநீக்கித் திரவத்தால் துடையுங்கள். முதலில் கீழே கண்ணில் படாத மூலையில் செய்து பாருங்கள். அங்கே படலத்தோடு பெயிண்டும் சேர்ந்து வருமானால் உடனே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முன்பு எப்போதோ மறுபூச்சு கண்ட முகப்பாக அது இருக்கக்கூடும்.

கேள்வி: எங்களுடையது கிளாஸ் சி வண்டி. கல்லடிப் புள்ளிகளை உடனே சரிசெய்ய வேண்டுமா, பயணம் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாமா?
– ஒட்டாவா வாசகர்

பதில்: புள்ளி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதி பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ். அது துருப்பிடிக்காது, ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். கீழே இருக்கும் பானட் வேன் நிறுவனம் செய்த இரும்புத் தகடு என்பதால், அங்கே உலோகம் தெரியுமளவு உதிர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். ஒட்டாவாவில் குளிர்காலச் சாலையில் உப்பு தூவுவார்கள், துருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வண்டியின் நிறக் குறியீடு ஓட்டுநர் கதவின் நிலைச்சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும். அதைச் சொல்லி டச்சப் பெயிண்டும் கிளியர் கோட்டும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, குழி நிரம்புமளவு மட்டும் இரண்டு மூன்று தடவை, இடையிடையே உலரவிட்டு வையுங்கள். சீசாவோடு வரும் தூரிகை இந்த வேலைக்கு மிகவும் தடிமன்.