ஊர் திரும்பும் நேரத்தில் ஏன் இந்த அழுகை?

டோக்கியோவில் தகதனோபாபா பகுதியிலுள்ள ஒரு மொழிப்பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். மார்ச்சோடு படிப்பு முடிகிறது. மாதக் கடைசியில் திருச்சிக்குத் திரும்புகிறேன். எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது. வழக்கமாகச் சாப்பிடும் ராமென் கடை அம்மா, “ஊருக்கு எப்போது?” என்று கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது, அதன்பின் அந்தப் பக்கமே போவதில்லை. குப்பையை யார் வெளியே வைப்பது என்பதற்குக்கூட அறைத்தோழியோடு சண்டை. கஷ்டப்பட்டுக் கற்ற மொழி மறந்துவிடுமோ என்ற பயம் வேறு. “வீட்டுக்கு வர்றதுக்கு யாராவது அழுவாங்களா?” என்கிறார் என் அம்மா. எனக்கு என்ன ஆயிற்று?

– வாசகி, டோக்கியோ

அன்புத் தோழிக்கு,

பயப்படும்படி எதுவும் ஆகவில்லை. பிரிவு வருமுன்பே அதற்கான துக்கம் தொடங்கிவிடுவதுண்டு. ஊருக்கு வரும் ஆசையும் இந்தத் துக்கமும் சேர்ந்தே இருக்கலாம். அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள்: “வர ஆசையாத்தான் இருக்கும்மா, இதை விட்டுட்டு வர்றதும் கஷ்டமா இருக்கு.”

பிரியப்போகிறவர்களிடம் சண்டை மூள்வது மிகச் சாதாரணம். வருத்தத்தோடு பிரிவதைவிடக் கோபத்தோடு பிரிவது மனதுக்குச் சுலபம். ராமென் கடையைத் தவிர்ப்பதும் அதனால்தான். ஆனால், சொல்லாமல் வந்த இடங்கள்தான் பிறகு உறுத்தும். மதியக் கூட்டம் கலைந்தபின் ஒரு சிறு இனிப்புப் பொட்டலத்தோடு போய், “ஒசெவா நி நரிமாஷித்தா” (இத்தனை நாள் கவனித்துக்கொண்டதற்கு நன்றி) என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். இதைக் கடைசி நாளுக்கு மட்டும் வைக்காதீர்கள். அன்று பெட்டி கட்டவே நேரம் போதாது.

மனம் கனத்திருக்கும்போது கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலைகள் தள்ளிப்போகும், பதற்றம் இரட்டிப்பாகும். மெத்தை, மேசை போன்ற பெரிய கழிவுகளை எடுத்துச் செல்ல முதலில் முன்பதிவு செய்யுங்கள். மார்ச் அங்கே வீடு மாறும் காலம், தேதி எளிதில் கிடைக்காது. வார்டு அலுவலகத்தில் ‘தென்ஷுத்சு’ எனும், குடியிருப்பைவிட்டு வெளியேறும் அறிவிப்பைச் சுமார் 14 நாட்களுக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். மருத்துவக் காப்பீட்டுக் கணக்கையும் அப்போதே முடித்துவிடுங்கள். குடியிருப்பு அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைத்தால் போதும்.

மொழி பற்றிய பயத்துக்குத் தெளிவான பதில் உண்டு. பள்ளியில் ஸ்பானிஷ் படித்தவர்களை ஆராய்ந்த உளவியலாளர் ஹாரி பாரிக், 1984-இல் சொன்னது இது: மறதி பெரும்பாலும் முதல் 3 முதல் 6 ஆண்டுகளில் நடந்துவிடுகிறது, அதைத் தாண்டி நின்றது பல பத்தாண்டுகள் நிற்கிறது. ஆழமாகக் கற்றவர்களுக்கு மிஞ்சுவதும் அதிகம். ஆகவே தொடக்க ஆண்டுகளைக் காப்பாற்றுங்கள். கேட்டால் புரிவது நீடிக்கும். பேச வேண்டிய சொல்தான் முதலில் வாயில் வராமல் போகும். அதனால் அனிமே பார்ப்பது மட்டும் போதாது, பேச வேண்டும்.

“அடிக்கடி பேசிக்கலாம்” என்பது பெரும்பாலும் நடக்காது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே 12.30. நம் மாலை 5.30 அங்கே இரவு 9. கிளம்புமுன்பே ஒரு தோழியோடு கிழமையையும் நேரத்தையும் பேசி வையுங்கள். டிசம்பரில் சென்னையில் ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடி நடக்கும். அடுத்த நிலைக்கு இப்போதே திட்டமிடலாம்.

ஊர் திரும்பி, பார்க்க வரும் உறவினர் கூட்டம் ஓய்ந்தபின் ஒரு வெறுமை வரும். வெளிநாட்டில் படித்துத் திரும்புவோருக்கு இது வருவதை 1963-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் தானாகத் தணியும். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.